‘பூனையைக் காணவில்லை’: ஓர் அறிவிப்பின் மொழி

நம் அடுக்குமாடிக் குடியிருப்பில், வளர்ப்புப் பூனையைத் தொலைத்த குடும்பத்தினர் சென்ற ஆண்டு நம்மிடம் ஓர் உதவி நாடி வந்தனர். நான்கு மொழிகளிலும் அறிவிப்பு வைக்க அவர்கள் முடிவு செய்திருந்தனர். தமிழ்ப் பகுதியை நாம் திருத்தித் தரவேண்டும். அவர்கள் எழுதியிருந்த தலைப்பு ‘பூனை கானவில்லை’ என்பது. னகரத்தை ணகரமாக்கினோம், ஐயுருபைச் சேர்த்தோம், ககர ஒற்றை மிகுவித்தோம். நெடுங்காலம் மொழியியல் கற்பித்த கை அத்துடன் நிற்கவில்லை. பூனையின் இயல்பு, பிரிவால் குழந்தைகள் படும் துயரம், பொதுமக்களிடம் வேண்டுகோள் எனப் பத்து வரிகளைச் சேர்த்துக் கொடுத்தோம். பிழையற்ற உரைநடை. அதற்கு இடம் தேடியதில் பூனையின் படம் அஞ்சல்தலை அளவுக்குச் சுருங்கிப்போயிற்று. ஆறு நாள்கள் ஒருவரும் அழைக்கவில்லை.

அந்தத் தோல்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

முதலில் தலைப்புச் சொல்லைப் பார்ப்போம். ‘காணவில்லை’ என்பது வினை. ஆயினும் திணை, பால், எண், இடம் எதனையும் அது காட்டுவதில்லை. காணாதவர் யார் என்பதும் மறைந்தே நிற்கிறது. பூனை அங்கே செயப்படுபொருள். எனவே ‘பூனையைக் காணவில்லை’ என்பதே தெளிவு. உருபை விட்டுவிட்டால், பூனைதான் எதையோ காணவில்லை என்று குறும்பாகப் பொருள்கொள்ளவும் இடமுண்டு. பேச்சில் வழங்கும் ‘காணோம்’ இன்னும் சுவையானது. அதன் ஈற்றிலுள்ள ‘ஓம்’ தன்மைப் பன்மை விகுதி. ‘நாங்கள் காண்கிலோம்’ என்பது அதன் பழம்பொருள். இன்றோ தனியொருவரும் ‘பூனையைக் காணோம்’ என்றுதான் சொல்கிறார். ‘ஓடிப்போய்விட்டது’, ‘தொலைத்துவிட்டோம்’ போன்றவை பூனையின்மீதோ வீட்டார்மீதோ பழியை ஏற்றுகின்றன. ‘காணவில்லை’ எவர்மீதும் பழி சொல்லாது. நாளிதழ் விளம்பரங்களால் கண்ணுக்குப் பழகிய சொல்லும் அதுவே.

ஆனால் அந்தப் பழக்கத்தில் ஓர் இடரும் உண்டு. அத்தலைப்பின்கீழ் நாம் எதிர்பார்ப்பது ஒரு மனிதரின் படத்தை. ‘எங்கள் மீனாவைக் காணவில்லை, அவள் மிகவும் பயந்த சுபாவம் உடையவள்’ என்று தொடங்கினால், மூக்குக்கண்ணாடியின்றி வந்த மூதாட்டி குழந்தை காணாமற்போயிற்று என்றே பதறுவார். அஃறிணையை உவப்பின் காரணமாக உயர்திணையாகச் சொல்வதை நன்னூல் வழுவமைதியாக ஏற்கிறது. பசுவைத் தாய் என்று சொல்வதை உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுவர். வீட்டுக்குள் அந்த வழக்கு அழகு. அறிவிப்பிலோ ‘பூனை’ என்னும் பெயரே முதலில், மிகப் பெரிதாக நிற்கவேண்டும். செல்லப்பெயர் பின்னர் வரட்டும்.

தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும். படிப்பவர் இறுதிவரை பொறுத்திருந்தால்தான் செய்தி முழுமை பெறும். மின்தூக்கிக்காகக் காத்திருப்பவர் ஒருவேளை பொறுப்பார். மிதிவண்டியில் கடந்துபோகிறவர் பொறுக்கமாட்டார். ஆகவே வாக்கியங்களைக் குறைத்துப் பெயர்த்தொடர்களால் எழுதுவது நன்று. ‘கண்டுபிடித்துக்கொடுப்பவர்களுக்கு’ என ஒட்டு ஒட்டாக நீளும் சொல் ஒரு வரியையே விழுங்கி, எழுத்தின் அளவைக் குறைத்துவிடும். ‘கண்டவர் அழைக்கவும்’ போதும். மூன்று மீட்டர் தொலைவில் வசதியாகப் படிக்க எழுத்து ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் உயரம் இருக்கவேண்டும் என்பது பெயர்ப்பலகை செய்வோரின் கணக்கு. நம் எழுத்துகளில் மேல்விலங்கும் கீழ்ச்சுழியும் உண்டாதலால் வரிகளுக்கிடையே சற்றுக் கூடுதல் வெளி விடவேண்டும். அச்சுக்கடைக் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லையெனில் கொம்பு ஒருபுறமும் கால் ஒருபுறமுமாகச் சிதறும். படமாகவோ பிடிஎஃப் கோப்பாகவோ கொடுத்தால் அத்தொல்லை இராது.

அடையாளங்களைச் சொல்லும் இடத்தில்தான் பெரும்பாலோர் தவறுகின்றனர். ஒலியனியலில் ஓர் ஒலியின் எல்லாப் பண்புகளையும் நாம் பட்டியலிடுவதில்லை. லகரத்தை ளகரத்திலிருந்து பிரிக்கும் கூறு எது என்றே கேட்கிறோம். அறிவிப்புக்கும் அதுவே நெறி. ‘குட்டை வால், நுனியில் வளைவு’ என்பது ஐரோப்பாவில் சிறந்த அடையாளமாகலாம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அத்தகைய வால் தெருவெங்கும் காணப்படுவது; அதனால் எதுவும் வேறுபடாது. ‘அழகான, அன்பான’ என்பனவும் அப்படியே. வலது முன்கால் மட்டும் வெள்ளை, மூக்கின்மேல் கரும்புள்ளி, சிவப்புக் கழுத்துப்பட்டை: இவை வேறுபடுத்தும். சமூகப் பூனைகளுக்குக் கருத்தடை செய்ததன் அடையாளமாகக் காது நுனியைச் சிறிது வெட்டிவிடும் வழக்கம் இங்கு உள்ளது. ஆகவே ‘காதுகள் முழுமையானவை’ என்னும் இரு சொற்கள், பூனைகளுக்கு உணவிடும் தன்னார்வலர்களுக்குப் பெருந்துணை. ‘செவலை’ என்னும் மாட்டு நிறப்பெயரின்மீது நமக்குப் பற்று அதிகம். எனினும் ‘ஆரஞ்சு நிறம்’ என்று எழுதுவதையே பரிந்துரைக்கிறோம்.

சுட்டுச் சொற்களைத் தவிர்க்கவேண்டும். ‘நேற்று மாலை முதல்’ என்று எழுதிய தாள் பத்து நாள் தொங்கினால், ஒவ்வொரு நாளும் ஒரு புதிய ‘நேற்று’ பிறக்கும். ‘இந்த புளோக்கில்’ என்றால், தாளைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் ‘இந்த’ பொருளிழக்கும். தேதியும் புளோக் எண்ணும் தெருப்பெயரும் வேண்டும். 2024 செப்டம்பர் 1ஆம் தேதிவரை வீவக வீடுகளில் பூனை வளர்க்க அனுமதியில்லை. அன்று பலர் புளோக் எண்ணை எழுதத் தயங்கியிருந்தால் வியப்பில்லை. இப்போது வீட்டுக்கு இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம். உரிமமும் நுண்சில்லும் வேண்டும். அச்சம் நீங்கிவிட்டதால் அந்த மௌனமும் நீங்கலாம்.

எல்லாவற்றையும் சொல்லிவிடவும் கூடாது. உரையாடலுக்குத் தேவையான அளவு செய்தியைத் தருவது ஒத்துழைப்பின் ஒரு கூறு என்று கிரைஸ் என்னும் மெய்யியலாளர் 1975இல் வெளிவந்த தம் கட்டுரையில் வகுத்தார். இங்கே ஒரு செய்தியை வேண்டுமென்றே ஒளித்துவைக்க நேர்கிறது. பூனை தம்மிடம் இருப்பதாகச் சொல்லி முன்பணம் கேட்கும் ஏமாற்றுக்காரர் உண்டு. வயிற்றிலுள்ள மறு போன்ற ஓர் அடையாளத்தை வெளியிடாமல் வைத்திருந்தால், அழைப்பவரிடம் அதைக் கேட்டுச் சோதிக்கலாம். நுண்சில்லின் பதினைந்து இலக்க எண்ணும் அச்சாகக்கூடாது. சன்மானம் உண்டு என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம், தொகை வேண்டாம்.

வேண்டுகோள் ஒன்றே ஒன்று இருக்கட்டும்: ‘துரத்த வேண்டாம். படமெடுத்து உடனே அழையுங்கள்.’ வெருண்ட பூனை துரத்தினால் இன்னும் ஆழப் பதுங்கும். காணாமற்போன பூனைகளைப் பற்றி 2018இல் வெளியான ஓர் ஆய்வில், மீட்கப்பட்டவற்றுள் முக்கால் பங்கு வெளியேறிய இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்ளேயே கிடைத்தன. எனவே தீவு முழுவதும் அறிவிப்பு வைப்பதைவிடச் சுற்றியுள்ள சில புளோக்குகளில், படிக்கட்டிலும் கார் நிறுத்தத்திலும் நடமாடுவோர் கண்ணில் படும்படி வைப்பதே பயன் தரும். ஆனால் நினைத்த தூணில் ஒட்டிவிட முடியாது. பொதுச்சொத்தைப் பாழ்படுத்துவதற்கு எதிரான 1966ஆம் ஆண்டுச் சட்டம், எழுத்துபூர்வ அனுமதியின்றிச் சுவரொட்டி ஒட்டுவதையும் குற்றமாகக் கொள்கிறது. அறிவிப்புப் பலகைக்கு நகர மன்றத்திடமும், கடைக் கண்ணாடிக்குக் கடைக்காரரிடமும் முன்னதாகக் கேட்டுக்கொள்ளவேண்டும்.

இனி, அந்தப் பூனைக்கு வருவோம். ஏழாம் நாள் அக்குடும்பத்தின் மூத்த மகள் நம் பத்து வரிகளையும் நீக்கி, படத்தை அரைப்பக்க அளவுக்குப் பெரிதாக்கி, அதன்கீழ் நான்கு மொழிகளிலும் ஒவ்வொரு வரி மட்டும் வைத்தாள். அச்சிட்ட தாளோடு, விடியற்காலையில் புளோக்கைத் துப்புரவு செய்யும் ஊழியரிடம் போனாள். அவர் வங்காளதேசத்தவர், நம் நான்கு மொழிகளுள் எதையும் சரளமாகப் படிக்கத் தெரியாதவர். படத்தைப் பார்த்ததும் தலையசைத்தார். பலமாடிக் கார் நிறுத்தத்தின் கீழ்ப்படிக்கட்டுக்குப் பின்னால் இரண்டாம் நாள் முதலே அதை அவர் பார்த்துவந்திருக்கிறார். பழைய தாளைத் தாண்டித்தான் அவர் நாள்தோறும் பெருக்கிச் சென்றிருந்தார். அன்றிரவு மீன் வைத்த கூண்டில் பூனை அகப்பட்டது. சிறிது மெலிந்திருந்ததே தவிர, நலம்.

அடுத்த அறிவிப்பில் ஐந்தாம் வரியாக வங்க மொழியும் இருக்கவேண்டும் என்று அப்பெண் குறித்துவைத்திருக்கிறாள். பூனை கிடைத்த மகிழ்ச்சியில் தாள்களை அகற்ற மறந்துவிட்டார்கள். மேலும் இரு வாரங்களுக்கு அதைக் கண்டதாக அழைப்புகள் வந்துகொண்டிருந்தன. அவற்றுள் ஒன்று தமிழில் வந்ததாம்.