கல்லோடு கல்லாய்க் கிடக்கும் கள்ளி

கள்ளி என்றதும் முள்தான் நினைவுக்கு வரும். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்திலும் வட மெக்சிகோவிலும் சுண்ணாம்புக்கல் நிறைந்த பாலை நிலத்தில் வளரும் ‘அரியோகார்பஸ் ஃபிசுராட்டஸ்’ என்ற சிறு கள்ளிக்கு முள்ளே கிடையாது. நாற்றாக இருக்கும்போது மெல்லிய முட்கள் தோன்றும், வளர்ந்தபின் இருக்காது.

செடி பெரும்பாலும் உள்ளங்கை அகலம்தான். நிறம் சாம்பல் கலந்த பச்சை. முக்கோண வடிவப் புடைப்புகள் ஒன்றையொன்று ஒட்டி அடுக்கியிருக்கும். அவற்றின் மேற்புறம் வெடித்த பாறையைப்போல் சுருக்கமும் பிளவுமாக இருக்கும். நடுவில் பஞ்சு போன்ற வெண்மயிர். மண்ணுக்குள் முள்ளங்கியைப்போல் தடித்த வேர் நீரைச் சேமித்து வைக்கிறது. வறட்சி கடுமையானால் செடி சுருங்கி, மண்ணோடு மண்ணாகப் பதுங்கிவிடும். ‘உயிருள்ள பாறை’ என்று ஆங்கிலத்தில் அதற்குப் பெயர். பக்கத்தில் நின்றாலும் அடையாளம் தெரியாது.

இலையுதிர்காலத்தில் இளஞ்சிவப்பு மலர் விரியும்போதுதான் செடி இருக்கும் இடம் வெளியில் தெரியும். திருடர்களுக்கும்தான்!

விதையிலிருந்து வளர்த்தால் முதல் பூவைக் காணப் பத்து ஆண்டுகள்கூட ஆகலாம். அவ்வளவு காலம் காத்திருக்கப் பொறுமையில்லாத சேகரிப்பாளர்களுக்காகவே வளர்ந்த செடிகள் பாலைவனத்திலிருந்து தோண்டி எடுக்கப்படுகின்றன. ஒன்று போனால், அந்த அளவுக்கு இன்னொன்று வளரப் பல பத்தாண்டுகள் பிடிக்கும். அதனால்தான் அனைத்துலக வாணிபத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை, அரியோகார்பஸ் இனம் முழுவதையும் தன் முதல் பட்டியலில் வைத்திருக்கிறது. நாற்றங்காலில் விதைபோட்டு வளர்த்த செடியை மட்டுமே, உரிய அனுமதியுடன், வேறு நாட்டுக்கு அனுப்பி விற்கலாம்.