ஒரு பொத்தான், இரு பொருள்

மாணவ நண்பர்களே, ஒரே பொத்தான் இருவேறு கட்டளைகளை எவ்வாறு அறிகிறது? இதற்கு விடை கூறப் பழைய தந்தியையே துணைக்கு அழைக்கிறேன்.

2013 ஜூலையில் இந்தியாவில் தந்திப் பணி முடிவுற்றது. மோர்ஸ் தந்திக் கருவியில் இருந்தது ஒரே விசைதான். தட்டி எடுத்தால் புள்ளி. அதன் மும்மடங்கு நேரம் அழுத்தினால் கோடு. ஆங்கில ‘ஈ’ ஒரு புள்ளி, ‘டீ’ ஒரு கோடு. விரல் தாமதித்தால் எழுத்தே மாறிவிடும்.

இன்றைய நிரலிலும் இதே தத்துவந்தான். விரல் படிந்ததும் நிரல் நேரத்தைக் குறித்துக்கொள்கிறது. அரை நொடியை வரம்பாகக் கொள்வோம். அதற்குள் விரல் எழுந்தால் அது சொடுக்கு. அரை நொடி கடந்ததும், விரல் எழும்வரை காத்திராமல், நீண்ட அழுத்தத்திற்குரிய செயல் நடைபெற வேண்டும். பின்னர் விரல் எழும்போது அதைச் சொடுக்கென்று எண்ணாதபடி ஓர் அடையாளமும் இட்டுவைக்க வேண்டும்.

வரம்பை எவர் விரலுக்கேற்ப வகுப்பது? உளுந்தூர்பேட்டைப் பேருந்து நிலையத்தில் கைப்பேசியுடன் நிற்கும் முதியவரின் விரல் உங்கள் விரலைப்போல் விரைந்து எழாது. அவர் தட்டினாலும் கருவி நீண்ட அழுத்தமென்றே கொள்ளக்கூடும். அதனால்தான் பல கைப்பேசிகளில் இந்நேரத்தை நீட்டிக்கொள்ள வழி வைத்திருக்கிறார்கள். நாளை நிரல் எழுதும்போது அவ்விரலையும் நினைவிற்கொள்ளுங்கள் என்பதே என் வேண்டுகோள்.