குக்கருக்குள் ஓர் ஆப்பிள் கேக்

தரமணியில் எங்கள் பக்கத்து வீட்டு அம்மாள், ஆப்பிள் கேக் செய்யும் முறையை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். மைதா 200 கிராம், சர்க்கரை 150, வெண்ணெய் 100, முட்டை 2, பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி, நறுக்கிய ஆப்பிள் இரண்டு. கடைசி வரி: ‘ஓவனில் 180 டிகிரி, முக்கால் மணி.’

எங்கள் வீட்டில் ஓவன் இல்லை. பழைய பிரஷர் குக்கரின் அடியில் மணல் பரப்பிச் சூடேற்றி, அதன்மேல் ஒரு தாங்கியை வைத்துக் கேக் தட்டை இறக்கினேன். இருபதாம் நிமிடத்தில் ஆவல் தாங்காமல் மூடியைத் திறந்தேன். உப்பியிருந்த கேக் கண்ணெதிரே நடுவில் குழிந்தது. இயற்பியல் ஆசிரியருக்கு இது வேண்டியதுதான் என்று வீட்டில் சிரித்தார்கள்.

மாணவ நண்பர்களே, ஏன் குழிந்தது? பேக்கிங் பவுடரிலிருந்து வெளிவரும் கரியமில வாயு, மாவில் சிறு குமிழிகளாகச் சிக்கிக்கொள்கிறது. சூடேறினால் வாயு விரியும் என்று சார்லஸ் விதி கூறுகிறது. ஆனால் 30 டிகிரியிலிருந்து 95 டிகிரிக்கு, அதாவது 303 கெல்வினிலிருந்து 368-க்குச் சென்றால், பருமன் ஐந்தில் ஒரு பங்குதான் கூடும். கேக் உப்புவதோ அதைவிட மிக அதிகம். மீதி வேலையைச் செய்பவை புதிதாக உண்டாகும் கரியமில வாயுவும் நீராவியும்தான். ஒரு கிராம் நீர் கொதித்து ஆவியானால் சுமார் 1,700 கன சென்டிமீட்டர் இடத்தை அடைக்கும்!

குமிழிகளின் சுவர்கள் உறுதிப்பட வேண்டுமானால், முட்டையின் புரதம் இறுகி, மாவுச்சத்து பசையாக வேண்டும். இதற்கு 80 டிகிரிக்கு மேல் தேவை. நான் திறந்தபோது நடுப்பகுதி அந்த நிலையை அடையவில்லை. குளிர்காற்று பட்டதும் நீராவி மீண்டும் நீரானது. மெத்தென்ற சுவர்கள் சரிந்தன.

ஆப்பிளுக்கும் இதில் பங்கு உண்டு. அதன் எடையில் ஏறத்தாழ 85 விழுக்காடு நீர். இரண்டு பழம் 300 கிராம் என்றால், அதில் 255 கிராம் நீர், மைதாவைவிட அதிகம்! ஒரு கிராம் நீரை 30-லிருந்து 100 டிகிரிக்கு உயர்த்த 70 கலோரி போதும். ஆவியாக்கவோ 540 கலோரி வேண்டும். ஆகவே வெளியே 180 டிகிரி இருந்தாலும், ஈரம் உள்ளவரை கேக்கின் உட்புறம் 100 டிகிரியைத் தாண்டாது. மேல்தோல் மட்டும் உலர்ந்து, 140 டிகிரியைக் கடந்து பொன்னிறமாகிறது. பிரெஞ்சு அறிஞர் மெய்லார்ட் 1912-இல் விளக்கிய வினை இது.

வெயிட்டையும் காஸ்கெட் வளையத்தையும் கழற்றிவிடச் சொல்வதும் இதனால்தான். நீர் ஊற்றி வெயிட் போட்டால் குக்கருக்குள் சுமார் 120 டிகிரிதான். எங்கும் ஈர ஆவி. கேக் வேகும், சிவக்காது. நீரின்றி அடைத்துச் சூடாக்குவதோ ஆபத்து. பெரியவர் ஒருவர் அருகில் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள்.

மறுமுறை ஆப்பிள் துண்டுகளைப் பிழிந்து போட்டேன். நாற்பது நிமிடம் மூடியைத் தொடவில்லை. பிறகு நடுவில் கத்தியைச் செருகினேன். மாவு ஒட்டாமல் வந்தது.

அந்த அம்மாளின் மகள் உதகமண்டலத்தில் இருக்கிறார். அதே தாள் அங்கும் போயிருக்கிறது. 2,240 மீட்டர் உயரத்தில் நீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். காற்றழுத்தம் குறைவதால் குமிழிகளும் அதிகமாக விரியும். பேக்கிங் பவுடரைச் சற்றுக் குறைத்து, வேகும் நேரத்தைக் கூட்டும்படி தாளின் ஓரத்தில் எழுதியனுப்பச் சொல்லியிருக்கிறேன்.