டெஸ்லாவிடம் விவேகானந்தர் எதிர்பார்த்த கணக்கு

1896 பிப்ரவரி 13 அன்று நியூயார்க்கிலிருந்து சுவாமி விவேகானந்தர், ஸ்டர்டி என்ற ஆங்கில அன்பருக்கு ஒரு கடிதம் எழுதினார். மின்னியல் மேதை நிகோலா டெஸ்லாவைப் பற்றிய செய்தி அதில் உண்டு. வேதாந்தம் பேசும் பிராணன், ஆகாசம், உலகம் தோன்றி ஒடுங்கும் காலச் சுழற்சியாகிய கற்பம் ஆகிய கருத்துகளைக் கேட்டு டெஸ்லா மிகவும் மகிழ்ந்தாராம். விசை, பருப்பொருள் இரண்டையுமே நிலையாற்றலாகச் சுருக்கிவிடலாம், அதைக் கணிதத்தால் நிறுவவும் முடியும் என்று டெஸ்லா நம்பினாராம். அந்தக் கணக்கைப் பார்க்க அடுத்த வாரம் போகிறேன் என்கிறார் சுவாமிகள். அது கைகூடினால் வேதாந்தத்தின் பிரபஞ்சக் கொள்கைக்கு அசைக்க முடியாத அடித்தளம் கிடைத்துவிடும் என்பது அவருடைய எதிர்பார்ப்பு.

மறு ஆண்டு தாயகம் திரும்பியபோது கும்பகோணத்தில் நிகழ்த்திய உரையிலும் ஓர் அறிவியலாளரைக் குறிப்பிட்டார். உண்ணவும் சோதனைக்கூடத்தை விட்டு வெளியே வரவும் நேரமில்லாத அவர், வேதாந்தச் சொற்பொழிவுகளை மணிக்கணக்கில் நின்று கேட்டார் என்றார். பெயரைச் சொல்லவில்லை. அவர் டெஸ்லாவாகவே இருக்க வேண்டும் என்று கருதுவோர் பலர்.

உருவம் உள்ள அனைத்தும் ஆகாசத்திலிருந்து தோன்றுகின்றன. அந்த ஆகாசத்தை இயக்கி உலகாக விரியச் செய்வது பிராணன். இரண்டுக்கும் பிறப்பிடம் மகத் என்னும் பேரறிவு. விவேகானந்தர் விளக்கிய வரிசை இதுதான். பொருளும் அதை இயக்குவதும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்ற எண்ணம் டெஸ்லாவை ஈர்த்ததில் வியப்பில்லை.

ஆனால் டெஸ்லாவின் கணக்கு வரவே இல்லை. 1902 ஜூலை 4 அன்று விவேகானந்தர் மறைந்தார். மூன்று ஆண்டுகள் கழித்து, 1905இல், சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்த ஐன்ஸ்டைன், நிறையும் ஆற்றலும் ஒன்றுக்கொன்று ஈடானவை என்று காட்டினார். நிறையை ஒளிவேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் அதற்கு ஈடான ஆற்றல் கிடைக்கும். ஒரு கிராம் நிறை முழுவதும் ஆற்றலாக மாறினால் அது ஏறத்தாழ இரண்டரைக் கோடி யூனிட் மின்சாரத்துக்குச் சமம். சூரியன் ஒவ்வொரு நொடியும் 40 லட்சம் டன்னுக்கும் மேலான நிறையை இப்படித்தான் ஒளியாகவும் வெப்பமாகவும் செலவிடுகிறது. டெஸ்லாவோ முதுமையில் ஐன்ஸ்டைனின் சார்பியலை வெளிப்படையாகவே மறுத்தார்.

பழைய தத்துவத்துக்கும் அறிவியலுக்கும் இடையே இதைவிட ஆழமான ஒற்றுமை இன்னொன்று உண்டு. இல்லாததிலிருந்து எதுவும் தோன்றாது, உள்ளது இல்லாமல் போகாது என்பது சாங்கியரின் சற்காரியவாதம். குடம் தோன்றுமுன் மண்ணில் இருந்தது; உடைந்த பின்னும் மண்ணாக இருக்கிறது. மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் அருளிய சிவஞானபோதத்தை மூலநூலாகக் கொண்ட சைவ சித்தாந்தமும் இதை ஏற்கிறது. உலகம் மாயையிலிருந்து தோன்றி மாயையிலேயே ஒடுங்குகிறது. அந்த மாயைக்குத் தோற்றமும் இல்லை, அழிவும் இல்லை.

அறிவியலில் இதற்கு இணையான ஆற்றல் அழிவின்மை விதியை 1840களில் மேயர், ஜூல், ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆகியோர் வகுத்தனர். ஜூல் கயிற்றில் கட்டிய எடையைக் கீழே இறங்கவிட்டு, அதன் இழுப்பால் நீருக்குள் துடுப்புச் சக்கரத்தைச் சுழற்றினார். நீர் எவ்வளவு சூடேறியது என்று மிக நுணுக்கமாக அளந்தார். எடை இழந்த ஆற்றல் வெப்பமாக அப்படியே கணக்கில் வந்து சேர்ந்தது. இயற்கை விதிகள் நேற்றும் இன்றும் நாளையும் மாறாமல் இருப்பதன் கணித விளைவே இந்த அழிவின்மை என்று 1918இல் எம்மி நோதர் நிறுவினார்.

இந்த அளவீட்டில்தான் இரண்டு வழிகளும் பிரிகின்றன. இயற்பியலின் ஆற்றலை ஜூல் கணக்கில் அளக்கலாம். பிராணனுக்கு அப்படி ஓர் அலகு கிடையாது. கற்பங்கள் மீண்டும் மீண்டும் சுழல்பவை. வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியோ, மொத்த ஆற்றல் குறையாவிட்டாலும் வேலைக்குப் பயன்படும் ஆற்றல் குறைந்துகொண்டே போகும் என்கிறது.

எல்லாவற்றையும்விடப் பெரிய வேறுபாடு அறிவு பற்றியது. சைவ சித்தாந்தத்தில் சிவனின் சத்தி அறிவே வடிவானது; உயிர்களுக்கு அருள் செய்வது. மாயை சடம், தானாக இயங்காது. இயற்பியல் அளக்கும் ஆற்றலுக்கு விருப்பமும் இல்லை, அருளும் இல்லை. வடிவம் மாறி மாறி வரும், மொத்தம் மாறாது. ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால் அதை மாயையின் பக்கத்தில் வைப்பதே பொருந்தும். அணு உலையில் பிறப்பதும் அம்பிகையும் ஒன்றே என்று மேடையில் முழங்குபவர், அறிவியலைத் தவறாகச் சொல்வதோடு சித்தாந்தத்தையும் குறைத்துவிடுகிறார். பல நூற்றாண்டுகளாக, அறிவாகிய சித்தும் சடமும் வேறு என்று நுட்பமாக வாதிட்டு வகுத்தவர்களின் உழைப்பு ஒரு கைதட்டலுக்காக வீணாகிறது.

இந்தக் குழப்பத்தை வியாபாரமாக்குவோரும் இருக்கிறார்கள். பிரபஞ்ச ஆற்றலை உடலில் ஏற்றும் என்று காப்பும் பதக்கமும் விற்கிறார்கள். எத்தனை ஜூல், எந்தக் கருவியில் அளந்தீர்கள் என்று கேட்டால் பதில் வராது. மருந்தை நிறுத்திவிட்டு அவற்றை நம்புகிறவரின் உடல்நலம்தான் அதற்கு விலை.

ஒப்புமை கூடாது என்பதில்லை. பிரபஞ்சத்தின் பன்மைக்கு அடியில் ஓர் ஒழுங்கு இருக்கும் என்ற நம்பிக்கை ஞானியையும் அறிவியலாளரையும் ஒரே கேள்வியை நோக்கித் தள்ளியிருக்கிறது. விவேகானந்தர் அந்தக் கேள்வியோடுதான் டெஸ்லாவை அணுகினார். வேதாந்தத்தில் அவருக்கு ஐயமே கிடையாது. ஆனாலும் அறிவியலின் ஒப்புதல் வேண்டுமென்றால் கணக்கு வர வேண்டும் என்று காத்திருந்தார். எல்லாம் எங்கள் நூலில் அன்றே இருக்கிறது என்று அடுத்த முறை யாராவது சொன்னால், நம் பிள்ளைகள் பணிவோடு அந்தக் கணக்கைக் கேட்கட்டும். அப்படிக் கேட்பது விவேகானந்தர் காட்டிய வழிதான்.