நிலவைத் தோண்டும் எந்திரமும் சித்தம்பூண்டிக் கல்லும்

நிலவைப் பாடிய புலவர் பலர். அதனைத் தோண்டக் கருதியவர் எவரும் இலர். இன்று கல்லூரி மாணவர் அதனைக் கருதுகின்றனர்.

நிலவு மண்ணை அள்ளும் எந்திரத்துக்கென அமெரிக்காவின் நாசா அமைப்பு 2007-இல் போட்டியொன்றை நடத்தியது. அவ்வாண்டிலும் 2008-இலும் வென்றார் எவருமிலர். முப்பது நிமிடத்தில் 150 கிலோ போலிமண்ணை அள்ள வேண்டும் என்பது 2009-இன் விதி. வூஸ்டர் தொழில்நுட்பக் கல்வி நிறுவன மாணவர் ஒருவரின் தலைமையில் வந்த அணி அதனை நிறைவேற்றி, ஐந்து லட்சம் டாலர் பரிசு பெற்றது. அடுத்த ஆண்டே கல்லூரி மாணவர்க்கெனத் தனிப்போட்டி தொடங்கிற்று. செயல்திட்டத்தைக் கடையில் விலைக்கு வாங்கி ஒப்படைக்கும் நம் மாணவர் சிலர் இதனை எண்ணிப் பார்ப்பார்களாக.

மண்ணை அள்ளுவது அத்துணை அரிதோ? திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று வண்டிகள் நாடெங்கும் பாறையையே துளைக்கின்றனவே எனலாம். ஆயின் அவ்வண்டியின் எடையைக் கருதுக. கடப்பாரையை ஓங்கிப் போடுகையிலும் பாதி வேலையைச் செய்வது அதன் கனமே. நிலவின் ஈர்ப்போ புவியீர்ப்பில் ஆறில் ஒரு பங்கு. இங்கே 60 கிலோ எடையுள்ள எந்திரம் அங்கே 10 கிலோ போன்றே தரையில் அழுந்தும். கரண்டியை ஊன்றினால் மண் குழியாது, எந்திரமே மேலெழும்பிவிடும். ஆதலின், எதிரெதிர்த் திசையில் சுழலும் இரு உருளைகளைப் பொருத்தி, ஒன்றன் உந்துதலை மற்றொன்றால் ஈடுசெய்யும் முறையை நாசா பொறியாளர் வகுத்தனர். இன்னொரு தொல்லையும் உண்டு. காற்றும் நீரும் தேய்க்காத நிலவுத் துகள் கண்ணாடிச் சில்லுபோல் கூரியது. மூட்டுகளில் புகுந்து அரித்துவிடும்.

எனவே, அத்தகைய மண்ணிலேயே சோதித்தல் வேண்டும். இங்கேதான் நம் கொங்குநாடு வருகிறது. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகளில் கிடைக்கும் அனார்த்தொசைட் பாறை, நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது. வெளிநாட்டுப் போலிமண் கிலோ 150 டாலர் என்ற நிலையில், இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் இக்கல்லை நாடியது. சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியலாளர் துணைநின்றனர். கல்லை அரைத்து ஏறத்தாழ 50 டன் மண் பெங்களூருக்கு அனுப்பப்பெற்றது. சந்திரயான் ஊர்திகளின் சக்கரங்கள் முதலில் உருண்டது இம்மண்ணில்தான்.

2019-இல் தரையிறக்கம் தவறியது. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்க, 26 கிலோ எடையுள்ள பிரக்யான் நூறு மீட்டர் அளவு ஊர்ந்தது, ஊர்ந்ததேயன்றித் தோண்டவில்லை. அப்பணி இன்னும் எஞ்சியிருக்கிறது. கோவை மாணவர் எவரேனும் அதற்கு முனைவாராயின், வேண்டிய கல் அரைநாள் பேருந்துப் பயணத்தில் கிடக்கிறது.