அரண்மனைத் தோட்டங்களும் நீரும்

அரண்மனைத் தோட்டத்தின் அமைப்பில், அதனை உருவாக்கியோர் இயற்கையை நோக்கிய முறை வெளிப்படும். ஐரோப்பாவின் புகழ்பெற்ற மூன்று தோட்டங்கள் நீரைக் கையாண்ட விதத்தை ஒப்பிட்டால் இவ்வுண்மை விளங்கும்.

இத்தாலியில், உரோம் நகரை அடுத்த திவோலியில் அமைந்தது வில்லா தெஸ்தே. கர்தினால் இப்போலித்தோ தெஸ்தே, 1550ஆம் ஆண்டு திவோலியின் ஆளுநராகப் பொறுப்பேற்றபின் இதனை உருவாக்கத் தலைப்பட்டார். செங்குத்தான மலைச்சரிவில் தோட்டம் பல தளங்களாக அமைக்கப்பட்டது. அனியேனே ஆற்றின் நீர், நிலத்தடிக் கால்வாய் வழியே மேற்பகுதியை அடைந்து, தளந்தோறும் இறங்கியது. நீரை உயர்த்தும் பொறி ஏதுமின்றி, புவியீர்ப்பு விசையாலேயே நூற்றுக்கணக்கான நீர்த்தாரைகள் பீறிட்டெழுந்தன.

பிரான்சின் வெர்சாய் தோட்டத்திற்கு அத்தகைய நில அமைப்பு வாய்க்கவில்லை. பதினான்காம் லூயி மன்னருக்காக ஆந்திரே லெ நோத்ர் 1661ஆம் ஆண்டு முதல் இதனை வடிவமைத்தார். நேர்க்கோட்டில் நீளும் நடுப்பாதை, சமச்சீரான பூம்பாத்திகள், ஏறத்தாழ 1,670 மீட்டர் நீளமுள்ள பெருங்கால்வாய் என அனைத்தும் வடிவியல் ஒழுங்கில் அமைந்தன. ஆயினும் நீரூற்றுகளுக்கு நீர் போதவில்லை. 1684இல் சேன் ஆற்றில் 14 பெருஞ்சக்கரங்களைக் கொண்ட மார்லி இயந்திரம் இயங்கத் தொடங்கி, நீரை 150 மீட்டருக்கும் மேல் உயர்த்தியது. அதுவும் போதாமையால், யூர் ஆற்று நீரைக் கொணரும் கால்வாய்ப் பணியில் ஆயிரக்கணக்கான படைவீரர் ஈடுபடுத்தப்பட்டனர். நோயுற்றுப் பலர் மாண்டனர். 1688இல் போர் மூண்டதும் அப்பணி நின்றது. மன்னர் உலாவும்போது, அவர் அணுகும் ஊற்றுகளை மட்டும் பணியாளர் சீழ்க்கை ஒலியால் குறிப்புணர்த்தித் திறந்துவிட்டனர்.

இங்கிலாந்தின் பிளெனம் அரண்மனை, அதே லூயி மன்னரின் படையை 1704இல் வென்ற மார்ல்பரோ கோமகனுக்காக எழுப்பப்பட்டது. அங்கிருந்த சமச்சீர்த் தோட்டத்தை 1760களில் லான்சலாட் பிரவுன் மாற்றியமைத்தார். நேர்க்கோடுகளை நீக்கிப் புல்வெளிகளையும் மரத்தொகுதிகளையும் அமைத்தார். கிளைம் என்னும் சிற்றாற்றை அணையால் தடுத்து, வளைந்த கரைகளையுடைய ஏரியை உண்டாக்கினார். காண்போர் அதனை இயற்கை ஏரியென்றே எண்ணுவர். அதுவும் மனிதர் படைத்ததே.

திவோலி நிலத்தின் போக்கைப் பயன்படுத்தியது. வெர்சாய் அப்போக்கை எதிர்த்தது. பிளெனம் மனித முயற்சியை இயற்கைத் தோற்றத்துள் மறைத்தது. எனவே, ஒரு தோட்டத்தின் அழகை மதிப்பிடுவோர், அதன் வடிவத்தோடு அங்கு நீர் வந்த வழியையும், அதற்கெனச் செலவான மனித உழைப்பையும் சேர்த்தே எண்ணுதல் வேண்டும்.