பால்கனித் தோட்டத்திற்கு வயல் மண் வேண்டாம்

ஸ்ரீபெரும்புதூர் வட்டம் பிள்ளைப்பாக்கத்தில் இன்று சிப்காட் தொழிற்பூங்கா அமைந்துள்ளது. ஒரகடம் வரை தொழிற்சாலைகள் பெருகிவிட்ட இப்பகுதியில், புழக்கடையில் அவரைப் பந்தலும் கத்தரிப் பாத்தியும் வைத்திருந்த குடும்பங்கள் பல, அவ்விடத்தில் வாடகை அறைகளைக் கட்டிவிட்டு மாடியில் குடியிருக்கின்றன. எஞ்சியிருப்பது நான்கடி அகலப் பால்கனிதான். வீட்டுக்கு வேண்டிய கீரை, மிளகாய், மூலிகைகளுக்கு அது போதும். ஆனால் வயலில் பழகிய கை இங்கே தவறு செய்வதுண்டு.

முதல் தவறு, வயல் மண்ணை அள்ளி வந்து பையில் நிரப்புவது. வயலில் நீர் கீழே இறங்கிச் செல்ல ஆழம் உண்டு. 30 செ.மீ. உயரப் பையில் அது அடியிலேயே தங்கிவிடும். களிமண் இறுகி வேர் மூச்சுத் திணறும். காய்ந்தாலோ மண் சுருங்கிப் பையின் ஓரத்தை விட்டு விலகும். அதன்பின் ஊற்றும் நீர் ஓர இடுக்கு வழியே ஓடிவிடும், வேருக்கு எட்டாது. பாரமும் அதிகம். 20 லிட்டர் கொள்ளும் பையில் ஈர மண் 35 கிலோ வரை இருக்கும். பத்துப் பை வைத்தால் என்னவாகும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். பால்கனி சுவரிலிருந்து நீட்டிய தளம். ஆகவே கனமான பைகளைச் சுவரோரமும், கீரைத் தட்டுகளை மட்டும் கைப்பிடி ஓரமும் வைக்கவும்.

தென்னை நார்க்கழிவு இரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, செம்மண் ஒரு பங்கு கலந்தால் எடை வெகுவாகக் குறையும். 5 கிலோ நார்க்கழிவுக் கட்டி நீரில் ஊறி ஏறத்தாழ 70 லிட்டராகப் பெருகும். பழுப்புச் சாறு வெளுக்கும் வரை இரண்டு மூன்று முறை அலசிப் பிழியுங்கள். அதிலுள்ள உப்பு நீங்காவிடில் நாற்றின் இலை நுனி கருகும். மக்காத நார்க்கழிவு தழைச்சத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். எனவே மக்கியதே நல்லது.

அடுத்து வெயில். நம் பகுதியில் சித்திரை நடு முதல் ஆவணித் தொடக்கம் வரை உச்சி வெயில் சற்று வடக்கே சாய்ந்திருக்கும். தென்பார்த்த பால்கனியில் அப்போது மேல்தளத்தின் நிழலே விழும். ஐப்பசிக்குப் பின் வெயில் உள்ளே வரும். அங்கே கனமழை ஓய்ந்த மார்கழியில் தக்காளி, மிளகாய் நாற்று நடுவது பொருந்தும். இவற்றுக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது வெயில் தேவை. அவ்வளவு இல்லாத இடத்தில் காய்க்கு ஆசைப்படாமல் புதினா, கற்பூரவள்ளி, கீரை வகைகளோடு நிற்பதே நலம். வெந்தயக்கீரை 15 செ.மீ. ஆழத் தட்டிலேயே வளர்ந்து 25 நாளில் அறுவடைக்கு வரும். கொத்தமல்லி விதையை இரண்டாக உடைத்து விதைக்கவும். கோடையில் அது விரைவில் பூத்துவிடும் என்பதால் குளிர்ந்த மாதங்களே ஏற்றவை.

நீரை வயலுக்குப் பாய்ச்சுவதுபோல் விடாதீர்கள். விரலை ஒரு அங்குலம் நுழைத்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றவும். கோடையில் காலை, மாலை இருவேளையும் தேவைப்படலாம். கற்பூரவள்ளி அதிக நீரில் அழுகிவிடும். உவர்ப்பான ஆழ்துளைக் கிணற்று நீரானால் மேல்மண்ணில் வெண்மை படியும்; அப்போது மழைநீரால் நன்கு அலசிவிடவும். அடித்தட்டில் தேங்கும் நீரை வாரம் இருமுறை கொட்டாவிட்டால் டெங்குக் கொசு முட்டையிடும்.

மாவுப்பூச்சி கண்டால் தண்டைத் துணியால் துடைத்து, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயுடன் சிறிது சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளிக்கவும். வயலுக்கு வாங்கி மீந்த மருந்து வீட்டில் இருக்கலாம். எக்காரணம் கொண்டும் அதை இங்கே எடுக்க வேண்டாம். பக்கத்திலேயே துணி காய்கிறது, குழந்தை விளையாடுகிறது, நாளைக் காலை அந்தக் கீரையைத்தான் கிள்ளப் போகிறீர்கள்.